மோதிர விரல்

ஸ்லைடைப் பார்த்து முடிவு சொல்லும்வரை நோயாளியின் பெயரைப் பார்ப்பதில்லை என்பது அந்த லேப் டாக்டரம்மாவின் பிடிவாதம். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே தோல் டாக்டருக்குப் போன் போட்டாள்.

“நீங்க சந்தேகப்பட்ட மாதிரி சொரியாசிஸ் இல்லை சார். மேல்தோல்ல செல்லுங்களுக்கு நடுவுல நீர் கோத்திருக்கு. வெறும் ஒவ்வாமைதான். விரல்ல மோதிரம் போட்டிருக்காரா?”

“ஆமா. கழட்டவே மாட்டேங்கிறார். தங்கமாம்.”

“தங்கம் இப்படியெல்லாம் படுத்தாது சார். அது முலாம் பூசினது. யாரோ அவர் தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்காங்க!”

“கல்யாண நாளுக்கு மனைவி போட்டதாம்.”

“அந்த மகராசியைக் கூப்பிட்டு நறுக்குன்னு நாலு வார்த்தை கேளுங்க.”

தோல் டாக்டர் சிரித்துவிட்டார். “ஸ்பீக்கர்லதான் இருக்கீங்க. அவரையே கேக்கச் சொல்றேன்.”

“நான் எப்படிம்மா கேக்கறது? சாயங்காலம் வீட்டுக்கு வர வேண்டாமா?”

அவள் கணவனின் குரல். தோல் டாக்டரிடம் காட்டியதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை.

டாக்டரம்மாவுக்குக் காது மடல்வரை சூடேறியது. “அன்னிக்கு என்னால வாங்க முடிஞ்சது அவ்வளவுதாங்க. தங்கம்னு பொய் சொல்லிட்டேன். கழட்டிடுங்க.”

“முலாம்னு போட்ட அன்னிக்கே தெரியும். கழட்டற பேச்சே வேண்டாம், களிம்பு ஏதாவது எழுதச் சொல்லு.”