எதிர்க்கடை லென்ஸ்

ரயிலை விட்டு இறங்கிய பூவராகவன் தன் ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. நேரே எதிர்க்கடைக்குப் போனான்.

கையில் துணி சுற்றிய சிறு பெட்டி. அதற்குள் ஜெர்மன் லென்ஸ். விலை ஆயிரத்து நூறு ரூபாய்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் முதலில் ஸ்டுடியோ வைத்தவன் அவன்தான். பத்து வருஷம் அது ஒன்றுதான் இருந்தது. அறுபத்தேழில் பழவேற்காட்டிலிருந்து சாலமோன் வந்து, சாலையின் எதிர்ப்பக்கம் கடை போட்டான்.

அதற்குப் பிறகும் எண்ணூரில் வேலைக்குச் சேரும் ஆண்கள் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குப் பூவராகவனிடம்தான் வந்தார்கள். பெண்கள் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால் சாலமோன்தான். தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஒரு பெண் அம்மாவோடு வருவாள். இவன் வாசல்வரை வந்து நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு இரண்டு பேரும் சாலையைக் கடந்து போய்விடுவார்கள்.

பூவராகவனுக்கு வயிறு எரியும். சாலமோன் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணாமல் அவனால் மத்தியானச் சோற்றில் கை வைக்க முடிந்ததில்லை.

யோசித்து யோசித்து அவன் கண்டுபிடித்த காரணம் லென்ஸ்.

சாலமோனின் ஸ்டாண்ட் கேமராவில் இருந்தது ஜெர்மன் கம்பெனி லென்ஸ். வளையத்தில் பொறித்திருந்த பெயரை இவனே பார்த்திருக்கிறான். இவனுடையது ஜப்பான். முந்நூற்றைம்பது ரூபாய்.

மவுண்ட் ரோடு கேமராக் கடைக்காரரிடம் போய்க் கேட்டான். இரண்டும் ஒரே அளவு, இரண்டும் கண்ணாடி. விலை மட்டும் ஏன் மூன்று மடங்கு?

"ஜெர்மன்காரன் நூறு செஞ்சா நாப்பத கழிச்சுப் போட்ருவான்யா. கழிச்சதோட வெலையும் மிச்சத்து மேலதான் ஏறும்" என்றார் அவர். "ஜப்பான்காரன் பின்னால வந்தவன். வெலைய எறக்கினாத்தான் நம்ம கடைக்குள்ள நுழைய முடியும். அப்பால, பேருன்னு ஒண்ணு கீதே!"

அந்தப் பேர்தான் பூவராகவன் மனதில் தங்கியது. அப்பா விட்டுப்போன கால் காணி நிலம் கடம்பத்தூரில் இருந்தது. அதை விற்றான்.

இப்போது பெட்டியைப் பிரித்து சாலமோனின் மேஜை மேல் வைத்தான். வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தான். அந்த முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் வந்திருந்தான்.

சாலமோன் லென்ஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இன்னா சுத்தமா கீதுபா! ஆனா இத மாட்டினேன்னு வையி, எங்கிட்ட ஒரு பொண்ணு வராது."

கேலி செய்கிறான் என்று நினைத்து பூவராகவன் முறைத்தான். சாலமோன் தன் கேமராவிலிருந்த லென்ஸைக் கழற்றி அவன் கையில் கொடுத்தான்.

உள்ளே கண்ணாடி முழுக்கப் பூஞ்சை. வெள்ளை நூல் நூலாகப் படர்ந்திருந்தது.

மூர் மார்க்கெட்டில் யாரும் சீந்தாமல் கிடந்ததை நாற்பது ரூபாய்க்கு வாங்கினானாம். நல்லதாக வாங்க வசதியில்லை. எடுத்த படமெல்லாம் பனியில் எடுத்ததுபோல மங்கலாக விழுந்ததில் முதல் வாரம் அழுகையே வந்ததாம். எட்டாம் நாள் பெரியம்மைத் தழும்பு முகத்தோடு ஒரு பெண் வந்திருக்கிறாள். படத்தில் ஒரு தழும்பும் தெரியவில்லை. மறுவாரம் அவள் தெருவே வந்துவிட்டதாம்.

நாற்பது ரூபாய்.

அதைக் கேட்ட பிறகும் பூவராகவனின் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. கூடியது. பூஞ்சை பிடித்த அந்த லென்ஸைக் கீழே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"மாத்திக்கலாமா?" என்று கேட்டான்.

சாலமோன் தலையை ஆட்டி மறுத்தான். லென்ஸைத் திரும்ப வாங்கிக் கேமராவில் மாட்டினான். பிறகு மேஜை இழுப்பறையைத் துழாவி ஒரு கவரை எடுத்தான்.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். ரெண்டு மாசம் முன்னால உங்க ஊட்ல வந்து எடுத்துக்கினாங்க. வாங்கினு போவவே இல்ல."

பூவராகவன் கவரைப் பிரித்தான்.

ரத்னா. அவன் மனைவி. தோள்வரை எடுத்த படம். தழும்பே இல்லாத முகம்.

சிரித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவன் கேமராவைப் பார்த்து அவள் ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லை. சாலமோனின் கேமராவைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

கவரையும் லென்ஸ் பெட்டியையும் எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தான்.

அவனுடைய ஸ்டுடியோ வாசலில், நிலைக்கு மேலே, இரண்டடி உயரத்தில் சட்டம் போட்ட படம் ஒன்று தொங்கியது. கல்யாணமான மறுவாரம் ரத்னாவை உட்காரவைத்து அவன் எடுத்தது. தன் லென்ஸில் ஒவ்வொரு இமை முடியும் எப்படித் தனித்தனியாக விழும் என்று படியேறி வருகிறவர்களுக்குக் காட்ட மாட்டிவைத்தது. ஒன்பது வயதில் வந்த அம்மை அவள் கன்னத்திலும் நெற்றியிலும் விட்டுப்போன குழிகளும் அப்படியே தனித்தனியாக விழுந்திருந்தன.

அவனுக்கு அது குறையாகப் பட்டதே இல்லை. தான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆணியிலிருந்து எடுத்தான்.

பன்னிரண்டு வருஷமாக ரத்னா அவனுக்குச் சாப்பாடு கொண்டுவருவது பின்வாசல் வழியாகத்தான். வெயிலுக்காக என்று அவன் நினைத்திருந்தான்.