துவைக்காத சட்டை

தெருநாய்களை அமெரிக்காவின் தெற்கே அலபாமாவிலிருந்து வடகோடி வெர்மான்ட்டுக்குத் தத்துக் கொடுக்க ஏற்றிப்போகும் வேன் வந்து நின்றது. வெர்னா, தன் வீட்டில் வளர்ந்த நாய் டேட்டரின் கூண்டுக்குள் அழுக்குச் சட்டை ஒன்றை விரித்தாள். பழகிய வாசம் கூடவே இருந்தால் நாய் வழியில் மிரளாது என்று, துவைக்காத துணியோடு அனுப்புவது வழக்கம்.

"இந்த நாத்தத்தோட நான் வெர்மான்ட் வரைக்கும் ஓட்டணுமா?" என்றார் புது ஓட்டுநர் ராய்ஸ்.

"உங்க வாசத்துக்கு இது தேவலை. புது வீடு பழகினதும் சட்டையத் திருப்பி அனுப்பிடச் சொல்லுங்க."

"ஏன், சட்டைக்காரரு தேடுவாரா?"

"அவன் தேடமாட்டான். எனக்குத்தான் வேணும்."

சில நாள் கழித்து, தத்தெடுத்த பெண் ஃபோன் செய்தாள்.

"டேட்டர் இப்பல்லாம் எங்க கட்டில்லதான் தூங்குறான். சட்டையத் தபால்ல போட்டுட்டேன். கேட்டு வாங்குற சட்டையாச்சே, அழுக்கா அனுப்ப மனசு வரல. ரெண்டு தடவை ஊறவச்சு, வாசனை சோப்புப் போட்டுத் துவைச்சிருக்கேன்."

"ரொம்ப நன்றிம்மா," என்று சொல்லி வெர்னா ஃபோனை வைத்தாள்.

டேட்டரைத் தெருவிலிருந்து தூக்கிவந்து வளர்த்தவன் அவள் மகன் வேட். அவன் இறந்த பிறகு, அவன் வாசம் மிச்சமிருந்தது அந்த ஒரு சட்டையில் மட்டும்தான்.