ஆட்டுக்கு ஒட்டிய ஜலதோஷம்

14-7-1969. நேற்று ஆடு மூன்று முறை தும்மியதாக எழுதியது தவறு. அதில் ஒன்று என்னுடையது.

மனிதரின் ஜலதோஷம் ஆட்டுக்குத் தொற்றுமா என்று நாளை மாலை வகுப்பில் நான் கட்டுரை வாசிக்க வேண்டும். அதற்காக ஒரு வாரமாக, அடைத்த மூக்கோடு பக்கத்து வீட்டு ரத்தினம்மாவின் ஆட்டருகே உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். இன்று அது விடாமல் தும்மியது. 'தொற்றும்' என்று எழுதிவிட்டு ரத்தினம்மாவிடம் ஓடினேன்.

"அக்கா, என் ஜலதோஷம் உங்க ஆட்டுக்கு ஒட்டிக்கிச்சு!"

"இன்னாபா சொல்ற? டெய்லி அதையே மொறச்சிப் பாத்து எழுதறியே, கண்ணு பட்டுடப் போவுதுன்னு நேத்துலருந்து ஆட்டுக் கொட்டாய்லயே மொளகா சுத்தி நெருப்புல போடறேன். லைன் வூடு பூரா இருமுது, உனக்கு நெடி தெரியலையா?"

"மூக்கு அடைச்சிருக்கு, அக்கா."

"பயப்படாத. நெடி வந்துச்சுன்னா உன் கண்ணு படலன்னு அர்த்தம்."

நாளை வகுப்பில் 'இன்னும் தெரியவில்லை' என்று வாசிக்க வேண்டும்.