செத்துப்போன டிஸ்க்

"கலியாண வீட்டுக்கு ஒரு டிஸ்க்! இதுதான் இந்த வருசம் எங்கடை கொம்பனியின்ரை திட்டம்!"

சாவகச்சேரியில் வினோஜாவின் கணினிக் கடை. பேசியவன் தனோஜன், ஹாட் டிஸ்க் செய்யும் கொம்பனியின் வடபகுதி மேலாளர். கொழும்புக் கூட்டத்தில் ஏறிய உற்சாகம் இன்னும் இறங்கவில்லை.

"பென் டிரைவிலை லாபம் இல்லை, வினோஜா. பெரிய டிஸ்க்கா வில்லுங்கோ. சாமத்தியவீடு, பிறந்தநாள், ட்ரோன் வீடியோ... சனம் எடுக்க எடுக்க நாங்கள் வளருவம்! ஒரு படமும் துலையாது எண்ட நம்பிக்கையைத்தான் நாங்கள் விக்கிறம்."

அவன் வாய் மூடவில்லை, வாசலில் சத்தம்.

புத்தூர் நடராசாவும் பத்மாசினியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி படியேறி வந்தார்கள். அவர் பொம்பிளையின் தகப்பன், இவர் மாப்பிளையின் தாய்.

"பிள்ளை, எங்கடை பிள்ளையளின்ரை கலியாண வீடியோ எங்கை?" என்றார் நடராசா.

"டிஸ்க் திறக்குதில்லையெண்டு என்ரை மகன் நேற்று உம்மட்டைத்தானே தந்தவன்?" என்றார் பத்மாசினி.

"ஓம் அம்மா. டிஸ்க் செத்துப்போச்சு. ஒண்டும் வராது," என்றாள் வினோஜா.

மேசையில் கிடந்தது தன் கொம்பனி டிஸ்க் என்று கண்டதும் தனோஜனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பொறுங்கோ ஐயா! கொழும்பிலை எங்கடை ஆக்கள் இருக்கினம். இலவசமா எடுத்துத் தருவம்."

"அங்கையும் வராது, சேர்."

ஒரு ஆறுதல் வார்த்தைகூட அவள் வாயில் வரவில்லை.

"கல்லுமாதிரி நிக்கிறதைப் பாருங்கோ, சம்பந்தி!" என்றார் பத்மாசினி.

"டிஸ்க் எண்டு தகரத்தை விக்கினம், சம்பந்தி!"

"சரியாச் சொன்னியள்! ஸ்டூடியோக்காரனும் கொப்பி இல்லையெண்டுறான்!"

"உங்களுக்குத் தொண்டை கட்டுது. வாங்கோ, பக்கத்திலை ஒரு சர்பத் குடிச்சிட்டு வந்து மிச்சத்தைக் கேப்பம்."

இருவரும் இறங்கிப் போனார்கள்.

தனோஜன் வெடித்தான். "கொம்பனியின்ரை பேரையே நாசமாக்கிப்போட்டியள்! உங்கடை ஏஜென்சியை நிப்பாட்டுறன் பாருங்கோ!"

மேசையில் கிடந்த டிஸ்க்கை எடுத்துத் தன் லப்டொப்பில் செருகினான்.

உடனே திறந்தது.

"வேலை செய்யுது! ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"கடைசி வீடியோவைப் பாருங்கோ, சேர்."

கலியாண மண்டபம். நடராசா மைக்கைப் பிடித்தபடி: "மாப்பிளை வீட்டார் நேரத்துக்கு வந்திருந்தால் வடை ஏன் ஆறுது?"

பத்மாசினி மைக்கைப் பறித்தார்: "உங்கடை வடை சூடா இருக்கேக்கையும் கல்லுத்தான்!"

ஒரு வடை பறந்தது. ட்ரோன் கமரா அதை அழகாகப் பின்தொடர்ந்தது.

தனோஜன் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது.

"கலியாண நாளிலை இருந்து ரெண்டு பேரும் கதை பேச்சில்லை," என்றாள் வினோஜா. "ஆர் முதல் துவங்கினது எண்டு காட்டத்தான் வீடியோவுக்குக் காத்திருந்தவை. பொம்பிளை தாய் வீட்டுக்கும் போகேலாமல் கிடந்தவள். நேற்றுப் புருசனும் பெஞ்சாதியும் வந்து நிண்டு அழுகை. தாலி கட்டின வீடியோவை மட்டும் அவையின்ரை போனிலை போட்டுக் குடுத்திட்டன்."

"அதுக்கு எங்கடை கொம்பனிதானோ கிடைச்சுது?"

"ரெண்டு பேரும் சேர்ந்து திட்டுறதுக்கு ஆராவது வேணுமெல்லோ, சேர்?"

வாசலில் மறுபடி செருப்புச் சத்தம். தனோஜன் லப்டொப்பைப் பட்டென்று மூடினான். எழுந்து இரண்டு கதிரைகளை இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டான்.

"ஐயா, அம்மா, கொழும்போடை கதைச்சனான். அங்கையும் சரிவராதாம். முழுப் பிழையும் கொம்பனியின்ரைதான்," என்று கைகூப்பினான். "இருங்கோ. இருந்து, ஆறுதலா, வடிவாத் திட்டுங்கோ!"