‘ஏன்’ மேடத்துக்கு ஒரு கேள்வி

“நீங்க கேக்குற எல்லாத்துக்கும் பதில் சொல்றேன் மேடம். ஆனா கடைசியில நான் ஒண்ணு கேப்பேன். மழுப்பாம சொல்லணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றார் மனநல ஆராய்ச்சியாளர்.

சிறைச்சாலையில் அவருக்கு ‘ஏன் மேடம்’ என்று பட்டப்பெயர். தொடர் கொலை செய்தவர்களை எதிரே உட்காரவைத்து ஏன், ஏன் என்று கேட்டே தலை நரைத்துப்போனவர். இன்று எதிரே இருந்தவன் கைகளை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற காவலர் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஊரையே கதிகலங்க வைத்த ஐந்து கொலைகளின் வழக்கு அது. ஆள் பிடிபடுவதற்கு முன்பே, ‘கொலைகாரன் யாரோடும் ஒட்டாதவன், சிடுமூஞ்சி’ என்று கணித்துக் கொடுத்தவர் இந்த மேடம்தான். அதை நம்பி போலீஸ் ஊரிலுள்ள சிடுமூஞ்சிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தது. கடைசியில் பிடிபட்டவனோ தெருவுக்கே செல்லப்பிள்ளை. அந்தத் தாமதத்தில் போன ஐந்தாவது உயிர் மேடத்தை இன்றும் தூங்கவிடுவதில்லை. இனியாவது கணிப்பு தப்பக் கூடாது என்றுதான் மறுபடியும் இங்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

“அப்பா அடிப்பாரா?”

“பெல்ட்டால. அதுவும் பக்கிள் இருக்கிற பக்கமா.”

“போன தடவை இதே நாற்காலியில, அப்பா கை ஓங்கினதே இல்லைன்னு பதில் வந்துதே?”

அவன் சிரித்தான். “அது பொய். அதுக்கு முன்னாடி வந்தவர்கிட்ட, அப்பா சின்ன வயசுலயே செத்துட்டாருன்னு விட்ட கதையும் பொய்தான். ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒரு அப்பா. நீங்களும் ஒரு வரி விடாம எழுதிக்கிட்டுப் போயிடுறீங்க.”

மேடத்துக்குச் சுருக்கென்றது. வாய் கூசாமல் புளுகுகிறவர்களின் பேச்சிலிருந்துதான் உண்மையைப் பொறுக்கி எடுக்க வேண்டும். இந்தப் பிழைப்பில் பெரிய தலைவலியே அதுதான்.

“எங்கயாவது தீ வெச்சதுண்டா?”

“பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமுக்கு.”

“பிராணிகளைத் துன்புறுத்தினது?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நாய்க்குட்டி ஒண்ணு. கல்லால அடிச்சு காலை ஒடிச்சேன்.”

“ஏன்?”

“அப்பாவை அடிக்க முடியலையே மேடம்.”

கொலைகாரர்களின் அடையாளங்களை அடுக்கியிருந்த தாளில் கட்டங்கள் எல்லாவற்றிலும் டிக் விழுந்துவிட்டது. வழக்கமாக இத்தோடு மேடம் பேனாவை மூடிவிடுவார். இன்று ஏனோ மூட மனம் வரவில்லை.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன... அது கத்தின கத்தல் தாங்க முடியலை. ஸ்கேலை வெச்சு காலைக் கட்டிவிட்டேன். அது எழுந்து நடக்கிற வரைக்கும் எனக்குக் குடுத்த பாலை எல்லாம் அதுக்குத்தான் ஊத்தினேன்.”

இதை எழுதுவதற்குத் தாளில் கட்டமே இல்லை. மேடம் ஓரத்தில் நுணுக்கி எழுதிக்கொண்டார்.

“இப்போ என் முறை” என்றான். “எனக்குப் பையன் பொறந்திருக்கான். அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கான்னு பாக்குறவங்க எல்லாரும் சொல்றாங்க. நான் இன்னும் தூக்கலை. என் பொண்டாட்டி தினமும் அழுவுறா. இது எங்க ரத்தத்துலயே ஊறினதுன்னா, அவனும் ஒரு நாள் கொலைகாரனா ஆயிடுவானா மேடம்?”

மேடம் தாளைப் பார்த்தார். தாளைக் கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் சொல்லும். எதிரே பிள்ளையைப் பெற்றவன் கண் கலங்கிக் காத்திருந்தான்.

“ஆகணும்னு ஒரு கட்டாயமும் இல்லை.”

“சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க. நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? ஒரு கட்டம் பாக்கி இல்லாம டிக் போட்டுட்டீங்களே!”

“போட்டேன். இந்தத் தாளையே இனி மாத்தி எழுதணும். ஆறுதலுக்குச் சொல்லலை, ஆதாரத்தை வெச்சுத்தான் சொல்றேன். அது என் எதிர்லயே உக்காந்திருக்கு.”

அவன் ஒன்றும் விளங்காமல் திருதிருவென்று விழித்தான்.

மேடம் எழுந்துவந்து, மேசைக்கு அடியில் மறைந்திருந்த கைகளை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிறையில் அவர் யாருடைய கையையும் பிடித்ததில்லை.

“இந்தக் கையால பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுங்க தம்பி. ஒண்ணும் ஆகாது.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது கதவு திறந்தது. “கூட்டிட்டு வந்துட்டேன் மேடம்” என்றார் இன்னொரு காவலர்.

விலங்கு மாட்டிய கைகளோடு உள்ளே நுழைந்தான், அச்சு அசலாக அதே முகம் கொண்ட ஒருவன். ஒரே வயிற்றில் ஒன்றாகப் பிறந்து, ஒரே பெல்ட்டில் அடிவாங்கி வளர்ந்து, ஐந்து பேரைக் கொன்ற அந்த அண்ணனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸ் ஓட்டும் தம்பி தன் பிள்ளையைத் தூக்க வீட்டுக்கு ஓடினான்.