சம்மத விளக்கு

எலி சம்மதித்தால்தான் ஊசி போடலாம் என்று சட்டம் வந்த பிறகு, ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டையிலும் சின்ன விளக்கு வைத்தார்கள். பச்சை எரிந்தால் சம்மதம், சிவப்பு என்றால் மறுப்பு. ஆய்வகத்தில் எலிகளைப் பராமரிக்கும் ரெஜினா தூக்கிவந்த எதுவும் இதுவரை மறுத்ததில்லை. குட்டியிலிருந்தே தினமும் உள்ளங்கையில் வைத்துத் தடவி வளர்த்தவள் அவள்.

அன்று பதினேழாம் எலியை மேசையில் இறக்கிவிட்டுக் கூண்டுக் கதவைச் சாத்தினாள். விளக்கு சிவப்பானது. கையில் எடுத்தாள், பச்சை. மறுபடி இறக்கினாள், சிவப்பு.

"சார், இது ஊசிக்குச் சம்மதிக்கல. என் கைக்குத்தான் சம்மதிச்சிருக்கு. இத்தனை நாளும் எல்லாமே அப்படித்தான்."

டாக்டர் சிவசைலம் ஊசியைக் கீழே வைக்கவில்லை. "அப்ப கையிலயே வெச்சுக்கோங்கம்மா."

ரெஜினா இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.