மாதா கோயில் வாசலில் ஒரு மூச்சு

மிக்சி முதல் ராக்கெட் வரை உலகத்தையே இயக்கும் ‘கெர்னல்’ என்ற அடிப்படை மென்பொருளில், பழைய கருவிகளுக்கான சலுகைகள் இமயமலை உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ‘இது மந்தம், பொறுத்துக்கொள்’, ‘இது ஒரு குரலுக்கு எழாது’ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிவிலக்கு. அதைப் பராமரிக்கும் செலின் அத்தனையையும் ஒரே நாளில் துடைத்தெறிந்து பாராட்டும் வாங்கினாள்.

மறுநாள் மகளுக்குக் கல்யாணம். மகளைப் பீடம்வரை அழைத்துப்போக வேண்டிய செலினின் கணவர் இருதயராஜ், மாதா கோயில் வாசலில் போட்டிருந்த நாற்காலியைவிட்டு எழவில்லை. அவர் உட்கார்ந்ததும் அவருடைய பழைய செயற்கைக் கால் தூங்கிப்போனது. கெர்னல் அதை ஒருமுறை கூப்பிட்டது. பதில் வராததால், காலே இல்லை என்று முடிவுகட்டிவிட்டது.

“ஏட்டி, ஊரத் திருத்தப்போயி எங்கால முடக்கிட்டியே! உள்ள பாட்டே ஆரம்பிச்சிட்டாவ!”

“கொஞ்சம் பேசாம இரிங்க!”

பட்டுச்சேலையோடு படியில் உட்கார்ந்த செலின், கைப்பேசியைத் தட்டினாள். பழைய விதிவிலக்கைத் திரும்பச் சேர்க்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரே வரி எழுதி, வாய்விட்டுப் படித்தாள்: “பதில் வரலைன்னா ஒரு மூச்சு பொறு, மறுபடி கூப்பிடு.”

நிலவுக்குக் கிளம்பிய ராக்கெட்கூட அன்று ஒரு மூச்சு பொறுத்துத்தான் கிளம்பியதாம். கால் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது.

மகளின் கையைப் பிடித்தபடி இருதயராஜ் மனைவியிடம் குனிந்தார்.

“முப்பது வருசமா நான் உங்கிட்டக் கேட்டதும் அந்த ஒத்த வரிதானட்டி.”